கயிறு சொன்ன பதில்

கயிறு என் உள்ளங்கையில் ஒருமுறை சுண்டியது.

கரையிலிருந்து நான் ஒருமுறை இழுத்தால் ‘நல்லா இருக்கியா?’ என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருமுறை இழுபட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். நான் கேட்டேன், கயிறு பதில் சொன்னது. அதுவரை வந்த பதில்களைவிட வேகமாக, கொஞ்சம் உற்சாகமாகக்கூட வந்தது.

மனம் லேசாகிவிட்டது. கயிற்றை முழங்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. மூடியில் ஊற்றும்போது ஆவி மூக்குக் கண்ணாடியில் படிந்தது. கழற்றிச் சட்டை முனையில் துடைத்தேன். பின்னால் முந்திரிக்கொல்லையில் எங்கோ பலா பழுத்து வெடித்திருந்த வாசனை.

இரண்டு வாய் குடித்திருப்பேன். அந்த நேரத்தில், என்னிடமிருந்து ஒரு தெருவின் அகலம்கூட இல்லாத தூரத்தில், தண்ணீருக்கு அடியில், என் மகள் நிவேதாவின் வாயில் காற்றுக்குழாய் இல்லை.

அவள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவரைப் பதறவிட்டு எழுத எனக்குப் பிடிக்காது. பதறுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வாரங்களாக இந்தப் பக்கத்தில் மஞ்சக்குப்பத்து அலுவலக வாழ்க்கையை எழுதி வந்தேன். காணாமல்போன கோப்பு, பூட்டிய அறைக்குள் பூனை, ஓய்வுபெற்ற மறுநாளும் வேலைக்கு வந்து உட்கார்ந்த தலைமை எழுத்தர். சிரிக்கும்படி எழுதுகிறேன் என்று கடிதம் போட்டீர்கள். எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதினேன். இந்த வாரமும் மாற்றியிருக்கிறேன், ஒரே ஒரு பெயரைத் தவிர.

ஒரு ரிங்

நிவேதாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு டிசம்பர் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அன்று நாங்கள் தேவனாம்பட்டினத்தில் என் மைத்துனி வீட்டில் இருந்தோம். அரை மணி நேரம் குழந்தை எங்கே என்று தெரியவில்லை. கறுப்புத் தண்ணீரில் வீடு வீடாகக் கத்திக்கொண்டு அலைந்தேன். கடைசியில் யார் வீட்டு மாடியிலோ, யார் மடியிலோ உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ‘அப்பா, பொரி’ என்று கையை நீட்டினாள்.

அவளுக்கு அது நினைவில்லை. எனக்கு அந்த அரை மணி நேரம் இன்னும் முடியவில்லை.

அவள் படிக்க அண்ணாமலை நகர் போனபோது ஒரு ஏற்பாடு செய்தேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட வேண்டும். நான் எடுக்கமாட்டேன். ஒரு ரிங் என்றால் பத்திரம். பேசினால் காசு போகும் என்றிருந்த காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம்தான். இப்போது பேசினால் காசு போவதில்லை. ஆனாலும் நான் ரிங்கை விடவில்லை. பேச்சில் சலிப்புத் தெரியும், கோபம் தெரியும். ஒரு ரிங்கில் பத்திரம் மட்டும்தான் தெரியும்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு ரிங். விடுதிக்குப் போனதும் ஒன்று. வெளியே போனால் ஒன்று, திரும்பினால் ஒன்று. ஐந்து நிமிடம் தாமதமானால் நான் கூப்பிடுவேன்.

“ஏங்க, அது காலேஜுக்குப் போயிருக்கா, சந்திரனுக்குப் போயிருக்கா?” என்பாள் என் மனைவி மாலதி.

நிவேதாவின் அறைத்தோழி ரெஜினா. கடலூர் முதுநகர்ப் பெண். அம்மா தையல் வேலை செய்து படிக்க வைத்தார். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மீன்முள்ளை எடுத்தபடியே சொன்னாள்: “அங்கிள், ஒரு உண்மயச் சொல்லட்டா? உங்களுக்கு வந்த ரிங்ல பாதி நான் உட்டதுதான்.”

“அடிப்பாவி!” என்றாள் நிவேதா.

“பின்ன? பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில இவளுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கக் கூட்டிட்டுப் போனனே, இவ தண்ணியக் குடிச்சிக்கிட்டு இருப்பா, கரைக்கு வந்து நான் உங்களுக்கு ரிங் உடுவேன். இல்லன்னா நீங்க போலீஸ் வண்டியோட வந்துருவீங்க.”

மாலதிக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

படுத்திருந்த புல்

அந்த ஆற்றை நிவேதாவுக்குக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

நான் தாவரவியல் படித்தவன். அதே அண்ணாமலை நகரில், முப்பது வருடங்களுக்கு முன்னால். ஒரு கோடையில் எங்கள் வகுப்பைப் பண்ருட்டிக்குத் தெற்கே ஓர் ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள். வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். ஊர்க்காரர்கள் ஊத்தாறு என்பார்கள். மழையை நம்பாத ஆறு. செம்மண் மேட்டின் அடியிலிருந்து ஊற்று பொங்கி, அதுவே ஆறாக ஓடும். ஊற்றின் வாயில் வெள்ளை மணல், உலைச்சோறு கொதிப்பதுபோலக் குதித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீருக்கு அடியில் புல். சடையில் கட்டும் நாடா இருக்கிறதே, அந்த அகலம், அந்த நீளம். ஆயிரக்கணக்கான பச்சை நாடாக்கள் ஓட்டத்தின் போக்கில் படுத்துக்கொண்டு ஆடும். ஒன்றைக்கூட எழுந்து நிற்க விடாது தண்ணீர். இடுப்பளவில் நின்றால் காலைத் தடவிக்கொண்டு போகும், சிக்காது. ஒரு செடியைப் பிடுங்கிப் பழைய செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டினேன். பிறகு அரசுத் தேர்வு எழுதி, கோப்புகளுக்குள் போய்விட்டேன். அந்த அட்டை மட்டும் வீட்டில் இருந்தது. பள்ளி நாட்களில் நிவேதா அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

ஆய்வுக்கு அவள் அந்த ஆற்றையே எடுத்தாள். இப்போது அங்கே என்ன முளைத்திருக்கிறது, ஏன் மாறியது என்பது கேள்வி. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றாள். புதுச்சேரிக்குப் போய் சிலிண்டர் கட்டி முங்கக் கற்றுக்கொண்டாள். ரெஜினாவும் அதே ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தாள். இருவரும் அடியில் இறங்கி, ஒரு மீட்டர் சதுரத்தில் குழாய்ச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, சட்டத்துக்குள் எந்தச் செடி எத்தனை என்று எண்ணுவார்கள். தண்ணீரிலும் பென்சில் எழுதும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை உண்டு. எண்ணிக்கையும் அதில்தான், பேச்சும் அதில்தான்.

சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னவை எனக்கு மனப்பாடம். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்க இறங்க ஊற்றின் வேகம் குறைந்துவிட்டது. வேகம் இருந்தவரை இலையில் தூசி தங்காது. வேகம் போனதும் மண் படிந்தது, அதன்மேல் வழவழப்பு படர்ந்தது, வெளிச்சம் கிடைக்காமல் நாடாப்புல் அழுகியது. கரும்புக்கொல்லை உரம் மழையில் வந்து சேர்ந்தது. காலியான இடத்துக்கு வேலம்பாசி வந்துவிட்டது.

“அதுக்கு வெதையே வேணாம்ப்பா. ஒரு துண்டு ஒடிஞ்சா போதும், அதுவே ஒரு செடி. தரையிலேர்ந்து நேரா மேல வந்து, கூரை மாதிரி மூடிக்குது. கீழ இருட்டு.”

“காலு மாட்டுமா?” என்றேன்.

“இவ்ளோ சொல்றேன், உங்களுக்கு அது ஒண்ணுதான் காதுல விழுதா?”

அது ஒன்றுதான் விழுந்தது. சரியானதுதான் விழுந்தது. ஆனால் அதை வைத்து நான் செய்தது சரியில்லை.

மூக்கணாங்கயிறு

ஊற்றுக்குப் பக்கத்து முந்திரிக்கொல்லை கலியமூர்த்தியுடையது. கயிறு பிடிக்க அவரைத்தான் நிவேதாவும் ரெஜினாவும் பழக்கியிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை நிவேதாவின் இடுப்புப் பட்டையில், மறுமுனை கரையில் அவர் கையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துக் கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் மறுபடி ஒருமுறை. அதற்கும் இல்லாவிட்டால் மேலே இழுத்துவிட வேண்டும். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கயிற்றைத் தளர்வாக விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முடிந்தபோதெல்லாம் நானே வண்டியில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவேன். ஒருநாள் கொஞ்ச நேரம் என்னிடம் கொடுங்கள் என்று வாங்கினேன். நிவேதா அப்போது கழுத்தளவுத் தண்ணீரில் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்று நிமிடத்தில் நான் எத்தனை முறை இழுத்தேனோ, கலியமூர்த்தி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

“சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. இது மூக்கணாங்கயிறு இல்ல. சும்மா சும்மா சுண்டுனா அது எப்பிடி மேயும்?”

“நான் மாடா மாமா?” என்றாள் நிவேதா தண்ணீரிலிருந்து.

“இல்லடா கண்ணு. மாட்டுக்குக்கூட இத்தினி இழுப்பு கெடயாது.”

ரெஜினா சிரித்த சிரிப்பில் மேட்டுக் கொக்கு பறந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையைப் பெறாதவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு மூன்று பெண்கள் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

கலியமூர்த்தி இல்லாத நாள்

பலாக் காலம். வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். கலியமூர்த்தி கொல்லையில் இல்லை. போன் போட்டால், விருத்தாசலத்தில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து, நேற்றே வந்துவிட்டேன் என்றார்.

“மாமா இல்லாம வேணாம். நாளைக்கு வரலாம்” என்றாள் நிவேதா.

“காத்து ரொப்புன சிலிண்டர எறக்கி வெச்சாச்சு. லீவு போட்டு வண்டி ஓட்டியாந்தவன் நான். நான் புடிச்சா கயிறு அறுந்துடுமா?”

நிவேதா ரெஜினாவைப் பார்த்தாள்.

“அங்கிளே புடிக்கட்டும்டி, பாவம்” என்றாள் ரெஜினா.

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதைப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்வேன்.

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. ஒரே தடவ. சரியாப்பா?”

“தெரியும் போம்மா.”

இறங்கினார்கள். இரண்டு இடத்தில் குமிழி எழுந்தது. முதல் ஐந்து நிமிடம் பொறுத்தேன். அதன்பிறகு என் கை எனக்குக் கட்டுப்படவில்லை. இழுப்பேன், பதில் வரும். வந்த உடனே நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, பத்து எண்ணுவதற்குள் அது வற்றிவிடும். அந்தப் பதில் பத்து விநாடிக்கு முந்தைய பதில்தானே, இப்போது என்ன ஆனதோ என்று தோன்றும். மறுபடி இழுப்பேன். பதில்கள் வர வர வெடுக்கென்று வந்தன. கோபம் என்று புரிந்தது. கோபப்படுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்று அதிலும் ஒரு நிம்மதி.

பிறகு திடீரென்று பதில்கள் மாறின. கேட்டவுடன் வந்தன, சலிக்காமல் வந்தன. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் டீயை ஊற்றினேன்.

குடித்து முடித்து, மூடியை உதறிவிட்டு இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. எழுந்து நின்று கைமாற்றி இழுத்தேன். கயிறு கனமே இல்லாமல் வந்தது. முனையில் கொக்கி திறந்திருந்தது. அதில் விரல் நீளத்துக்கு வேலம்பாசி.

ஊற்றுப் பக்கம் குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாசிக்கூரை கிழிந்து ரெஜினாவின் தலை வந்தது. வாய்க்குழாயைத் துப்பினாள். “அங்கிள், புடிங்க!”

நான் இறங்கினேன். முழங்கால் ஆழத்தில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் நிவேதாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி, ரெஜினா ஒருத்தியாகவே அவளைக் கரைக்கு இழுத்தாள். முதுகுச் சிலிண்டரின் திருகு முழுக்கப் பாசி சுற்றி, கத்தியால் அறுத்த முனைகள் தொங்கின. வாயோடு வாய் வைத்து ஊதினாள். மார்பை அழுத்தினாள். சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்தினாள். எண்ணுவதை அழுகை வந்து நிறுத்தப் பார்த்தது. அவள் விடவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். கயிறு இன்னும் என் கையில் இருந்தது.

நிவேதா இருமினாள். பலா ஏற்றிக்கொண்டு போன குட்டியானை ஒன்றை நிறுத்தினோம். டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் பாதிப் பழங்களைச் சாலையோரம் தள்ளி இடம் செய்தார். மீதிப் பழங்களுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பலாப்பழம் நுழைவதில்லை.

பலகை

நுரையீரலில் சேற்றுத் தண்ணீர். பல நாள் மருத்துவமனை. பிழைத்துக்கொள்வாள், ஆனால் இனி எந்தக் காலத்திலும் தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது என்றார்கள். கடைசிக் கால் மணி நேரம் அவள் நினைவில் இல்லை. அது திரும்பாமலும் போகலாம் என்றார்கள்.

பலகை என் பையில் இருந்தது. கரையில் அவள் மணிக்கட்டிலிருந்து நான்தான் கழற்றிப் போட்டேன். மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்துப் பார்த்தேன். மேலே எண்ணிக்கைகள். கீழே நிவேதாவின் கையெழுத்து:

‘அப்பா நிமிஷத்துக்கு நாலு தடவ இழுக்கறார். சட்டம் நகருது. எண்ணவே முடியல. கயிற நீ வெச்சிக்க. பதில் குடு. நான் பாசி ஓரத்தப் பாத்துட்டு வரேன்.’

அதன்கீழே ரெஜினாவின் கையெழுத்து: ‘சரி. ரிங் உட்டுர்றேன்.’ பக்கத்தில் அழுத்தி வரைந்த ஒரு வட்டம். இரண்டு கண், ஒரு சிரிப்பு.

விடுதியில் செய்ததைத்தான் தண்ணீருக்கு அடியிலும் செய்திருக்கிறார்கள். அப்பாவைச் சமாதானப்படுத்த ஒருத்தி போதும், இன்னொருத்தி வேலையைப் பார்க்கட்டும். கேள்வியைக் கேட்டுக் கேட்டு அதற்கு அர்த்தமே இல்லாமல் செய்தவன் நான். அர்த்தமில்லாத கேள்விக்கு யார் பதில் சொன்னால் என்ன?

போன பருவம் அந்த இடம் வெறும் வெள்ளை மணல் என்று அவர்களுடைய வரைபடம் சொன்னது. ஒரே வருடத்தில் பாசி அங்கே கூரை போட்டிருக்கிறது. நிவேதா ஓரத்தைப் பார்க்கப் போய் உள்ளே மாட்டிக்கொண்டாள். அவள் திரும்பத் திரும்பப் பாசி சுற்றிக்கொண்டது, திமிறியதில் வாய்க்குழாயும் நழுவிவிட்டது. அடிமண் கிளம்பிய கலங்கல் அடங்கியதும், அவளைக் காணோம் என்று ரெஜினா கயிற்றை விட்டுவிட்டுத் தேடியிருக்கிறாள். கயிறு நிவேதாவின் இடுப்பிலேயே இருந்திருந்தால் பதில் வராததும் இழுத்திருப்பேன். அந்தக் கயிற்றை அவள் கழற்றக் காரணம், நான் இழுத்தது.

மருத்துவமனைக் குழாயடியில் நின்று, பலகையைப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். எழுத்துப் போனது. எண்ணிக்கையும் போனது. அந்த முகம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவில் மூன்று பேர். நிவேதா படுக்கையில் இருந்ததால் அவள் தரப்பில் என்னைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இழுத்தீர்கள்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றேன். பயிற்சி இல்லாத உங்களிடம் கயிற்றைக் கொடுக்கச் சொன்னது யார்?

“ரெஜினாதாங்க சொன்னா” என்றேன்.

பொய் இல்லை. ‘பாவம்’ என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

ரெஜினா எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். பலகையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றாள். பலகை எங்கே என்று கேட்டார்கள். ஆற்றோடு போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

கூட முங்கியவரின் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிப் பொய்யான பதில் கொடுத்தார் என்று எழுதி, அவளைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். அவளுடைய உதவித்தொகையும் அதோடு நின்றது.

நிவேதா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “கயித்த நானா கழட்டிக் குடுத்தேன்னு சொல்றாளாம். நான் அப்பிடிச் செய்வனாப்பா? அவ பொய் சொல்றாளா?”

“எனக்கென்னம்மா தெரியும். நான் கரையிலதான இருந்தேன்.”

அன்றோடு தோழிகள் இருவரும் பேசிக்கொள்வது நின்றது.

நன்றியுரை

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முங்க முடியாத நிவேதா பழைய எண்ணிக்கைகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தாள். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். நாடாப்புல் குறைந்த கணக்கும் வேலம்பாசி ஏறிய கணக்கும் பக்கம் பக்கமாக வரைகோடுகளாக இருந்தன. ஒரு கோடு இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் என் மகள் கிடந்தாள்.

முதல் பக்கத்தில் நன்றியுரை. கலியமூர்த்தி மாமா பெயர் இருந்தது. பாதி எண்ணிக்கையை எண்ணிய, அவளைத் தூக்கி வந்து மூச்சுக் கொடுத்த ரெஜினாவின் பெயர் இல்லை. கடைசி வரி: ‘என் கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவுக்கு.’

பீரோவை நகர்த்தினேன். மாலதி சமையலறையிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டாள். பலகையை நிவேதா கையில் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன்.

அவள் ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் போனாலும் அழுத்தம் போகாது. சாய்த்துப் பிடித்தால் தன் கையெழுத்தைத் தான் படிக்கலாம். வெகுநேரம் படித்தாள்.

“எத்தன தடவப்பா இழுத்தீங்க?”

“எண்ணல.”

“நான் எண்ணிருக்கேன். நிமிஷத்துக்கு நாலு.”

மாலதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பாவம் அந்தப் பொண்ணு, சோறு போட்ட வீடுன்னு சண்டைக்கு வராம போச்சு” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நிவேதா பையை எடுத்தாள். பலகையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “அவகிட்ட நான் பேசிக்கிறேன். இத நீங்க கொண்டுபோய்க் குடுங்க. தபால்ல போடாதீங்க.”

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். அன்று ரிங் வரவில்லை. இதுவரை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

முதுநகர்

ரெஜினா இப்போது ஒரு தனியார் பள்ளியின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி அடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து முன்னைவிட வேகமாக ஓடியது. அவள் அம்மா வெளியே வரவில்லை.

“வாங்க அங்கிள். ஒக்காருங்க” என்றாள் ரெஜினா. நான் நின்றேன்.

பலகையைக் கொடுத்தேன். குழாயடி, பல்பொடி, பீரோ, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் அந்த முகத்தைத் தடவினாள்.

“இது மட்டும் போவலயா?”

“அழுத்தி வரைஞ்சிருக்க.”

“பல்பொடி போட்டா எப்பிடிப் போவும் அங்கிள்? ரப்பர் போட்டிருக்கணும்.”

சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“குழுவுக்கு எழுதிப் போட்டுட்டேன்மா. பதிவுத் தபால். நடந்தத நடந்தபடி.”

“பதில் வந்துச்சா?”

“இன்னும் இல்ல. குழு அப்பவே கலைஞ்சிடுச்சாம்.”

“மறுபடி ஒரு தடவ இழுத்துப் பாருங்க” என்றாள்.

தையல் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறேன், இதையும் எழுதப்போகிறேன், உன் பெயரை மாற்றிவிடுகிறேன், பயப்படாதே என்றேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. “எதுக்கு மாத்தணும்? ரிப்போர்ட்டுல என் பேரு முழுசா இருக்குது, இன்ஷியலோட. வேல கேட்டுப் போற எடமெல்லாம் அது எனக்கு முன்னாடி போவுது. நீங்க எழுதறதுல மட்டும் நான் யாரோவா? உங்க பேர மாத்திக்கங்க. என் பேர மாத்தாதீங்க.”

அதனால்தான் மாற்றவில்லை. அவள் பெயர் ரெஜினா.

செருப்பை மாட்டினேன். அவள் வாசல்வரை வந்தாள். பழைய ரெஜினாவின் குரல் ஒரு நிமிடம் வந்ததுபோல் இருந்தது.

“போய்ச் சேந்ததும் ஒரு ரிங் உடுங்க அங்கிள். வேற யாரையாச்சும் உட்டு உடச் சொல்லாதீங்க. நீங்களே உடுங்க.”

முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு எவ்வளவு தூரம்? கெடிலம் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். வீட்டுக்கு வந்து, கதவைத் திறப்பதற்கு முன்னால், வெயிலில் நின்றபடியே அவள் எண்ணைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் துண்டித்தேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு ரிங்குக்கு யாரும் திருப்பிக் கூப்பிட மாட்டார்கள். இந்த வழக்கத்தை என் வீட்டில் ஏற்படுத்தியவன் நான்தான்.